நடு வளிமண்டலத்தின் இயற்கை ஏற்ற இறக்கங்களும் காலநிலை மாதிரிகளும்

2016 பிப்ரவரியில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்றின் நடுவே கிழக்கிலிருந்து ஒரு காற்றோட்டம் புகுந்தது. அந்த உயரத்தில் காற்று திசை மாறுவது புதிதல்ல. சராசரியாக 28 மாதங்களுக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வீசுவதே அதன் வழக்கம். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் மேலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும். இம்முறை மாற்றம் நடுவில், பக்கவாட்டிலிருந்து வந்தது. 1953 முதல் இருக்கும் பதிவுகளில் அப்படி ஒன்று இல்லை. முன்கணிப்பு மாதிரிகளும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. நான்கே ஆண்டுகளில், 2019–20 குளிர்காலத்தில், அதே குழப்பம் மறுபடியும் நேர்ந்தது.

இது இயற்கையாகவே அரிதாக நிகழும் ஒன்றா, புவி வெப்பமாவதன் விளைவா? இதற்குப் பதில் சொல்ல நம்மிடம் இருப்பது அறுபது எழுபது ஆண்டுப் பதிவும், கணினியில் ஓடும் காலநிலை மாதிரிகளும்தான். பதிவு குட்டையானது. ஆகவே மாதிரியை நம்ப வேண்டியிருக்கிறது. மாதிரியோ, மனிதத் தலையீடு ஏதும் இல்லாவிட்டால் அந்த உயரத்துக் காற்று தானாக எவ்வளவு ஆடும் என்பதைச் சரியாகக் காட்டினால்தான் நம்பத் தக்கது. அது எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

தரையிலிருந்து மேலே போகப் போகக் குளிர்வது கீழடுக்கு. வெப்ப மண்டலத்தில் 16, 17 கிலோமீட்டரிலும் துருவங்களில் 8, 9 கிலோமீட்டரிலும் அது முடிகிறது. அதற்கு மேலே, ஓசோன் சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால், உயரத்தோடு வெப்பம் கூடிக்கொண்டே போகும் மீளடுக்கு. இதையே ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்கிறோம். ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் அது முடிய, பிறகு 85, 90 கிலோமீட்டர் வரை மீண்டும் குளிரும் இடையடுக்கு. இந்த இரண்டும் சேர்ந்ததே நடு வளிமண்டலம். வெப்ப மண்டலத்தில் கீழடுக்கின் கூரை துருவத்தைவிட உயரமானது மட்டுமல்ல, அதைவிடக் குளிரானதும்கூட என்பதை ஆக்ராவில் விடப்பட்ட பலூன்களின் பதிவுகளையும் கொண்டு 1929லேயே ‘நேச்சர்’ இதழில் எடுத்துக் காட்டியவர் பாலக்காட்டில் பிறந்த கே.ஆர். இராமநாதன். சி.வி. இராமனோடு கல்கத்தாவில் வேலை செய்தவர். பின்னாளில் ஓசோன் ஆய்வில் உலகப் பெயர் பெற்றார்.

எடையில் பார்த்தால் நடு வளிமண்டலம் மொத்தக் காற்றில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதனாலோ என்னவோ, நெடுங்காலம் காலநிலை மாதிரிகள் அதை ஒரு கூரையாக மட்டுமே நடத்தின. இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை பல மாதிரிகளின் உச்சி 30 கிலோமீட்டர் அருகே நின்றுவிட்டது. மேலே எழும் அலைகள் அந்தச் செயற்கைக் கூரையில் முட்டித் திரும்பும், அல்லது அங்கே வலுக்கட்டாயமாகத் தணிக்கப்படும். இரண்டுமே உண்மைக்குப் புறம்பு. கனடாவின் நடு வளிமண்டல மாதிரி 95 கிலோமீட்டர் அளவிலும், அமெரிக்காவின் ‘வாக்கம்’ மாதிரி 140 கிலோமீட்டர் அளவிலும் உச்சியை வைத்துக்கொண்டது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

முதலில் நிலநடுக்கோட்டுக் காற்றை எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையின் வெற்றியும் சங்கடமும் ஒருசேர வெளிப்படும் இடம் அதுதான்.

1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அதன் தூசி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பூமியைக் கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்றிவந்தது. நிலநடுக்கோட்டின் மேலே நிலையான கீழைக்காற்று ஒன்று இருப்பதாக அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். 1908ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பலூன் விட்ட ஆர்தர் பெர்சன், மேலைக்காற்றைக் கண்டார். இரண்டையும் பொருத்த முடியாமல், ஒன்றின் மேல் ஒன்றாக இரு காற்றுகள் நிரந்தரமாக வீசுகின்றன என்று அரை நூற்றாண்டு காலம் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 1960–61ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ரீடும், பிரிட்டனில் எப்டனும் தனித்தனியே உண்மையைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு காற்றும் உண்டு, ஆனால் ஒரே இடத்தில் மாறி மாறி வருகின்றன. இந்த ஈராண்டு அலைவு பெரும்பாலும் 22 முதல் 34 மாதங்களுக்குள் ஒரு சுற்றை முடிக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் கீழே இறங்கும். கீழைக்காற்று நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டும். மேலைக்காற்று அதில் பாதியளவுக்குச் சற்று மேல். பசிபிக்கின் கான்டன் தீவு, மாலத்தீவின் கான், பிறகு சிங்கப்பூர் என்று மூன்று இடங்களின் பலூன் பதிவுகளை ஒட்டவைத்து பெர்லின் பல்கலைக்கழகத்தார் பேணிய தொடர்தான் இன்றும் இதற்கு அடிப்படைச் சான்று.

பருவங்களோடும் சூரியனோடும் பொருந்தாத இந்தச் சுற்று எங்கிருந்து வருகிறது? 1968ல் லிண்ட்சனும் ஹோல்டனும் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. கீழடுக்கின் இடிமேகங்கள் எல்லாத் திசையிலும் அலைகளை எழுப்புகின்றன. கிழக்கு நோக்கிச் செல்லும் அலை மேலே ஏறி, தன் வேகத்துக்கு நெருக்கமான வேகமுள்ள காற்றைச் சந்திக்கும் உயரத்தில் உடைந்து, தன் உந்தத்தை அங்கே கொட்டிவிடும். அதனால் மேலைக்காற்று அந்த இடத்தில் வலுக்கும். அடுத்து வரும் அலை இன்னும் கீழேயே உடையும். இப்படி மேலைக்காற்றுப் பட்டை தானாகக் கீழிறங்குகிறது. இதற்கிடையே மேற்கு நோக்கிய அலைகள் தடையின்றி மேலே போய் அடுத்த கீழைக்காற்றை விதைக்கின்றன. வெளியிலிருந்து எந்தக் கடிகாரமும் தேவையில்லை. 1978ல் பிளம்பும் மெக்யூவனும் வளையத் தொட்டி ஒன்றில் உப்பு நீரை அடுக்கி, அடியில் ரப்பர்த் தகட்டை மேலும் கீழும் அசைத்து, நீரோட்டம் தானாகத் திசை மாறி மாறி ஓடுவதைச் செய்துகாட்டினார்கள். வளிமண்டல அறிவியலில் ஒரு கொள்கையை இவ்வளவு தெளிவாக மேசைமேல் நிரூபித்த ஆய்வுகள் அதிகம் இல்லை.

கொள்கை 1968ல் வந்துவிட்டது. முழு உலக மாதிரி ஒன்றில் இந்த அலைவு தானாகத் தோன்றியதை ஜப்பானின் தகாஹாஷி காட்டியது 1996ல். இடையில் ஏன் இத்தனை ஆண்டுகள்? அலைவை ஓட்டும் உந்தத்தில் பெரும்பங்கு, பத்து கிலோமீட்டரிலிருந்து சில நூறு கிலோமீட்டர் வரை நீளமுள்ள சிற்றலைகளிடம் இருக்கிறது. இவை காற்றின் மிதப்பு விசையால் எழுபவை. வானியலார் பேசும் ஈர்ப்பலைகளோடு குழம்பாதிருக்க இங்கே மிதப்பலைகள் என்கிறேன். மாதிரியின் கட்டங்களோ நூறு கிலோமீட்டர் அகலம். கட்டத்தைவிடச் சிறிய அலை மாதிரியின் கண்ணில் படாது. உயரவாக்கிலும் கீழ் மீளடுக்கில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் படிகள் வேண்டும். பழைய மாதிரிகளில் அதுவும் இல்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத அலைகளின் விளைவைத் தோராயச் சூத்திரங்களாக எழுதிச் சேர்த்தார்கள். 2000ல் பிரிட்டனின் வானிலை அலுவலக மாதிரியில் ஸ்கைஃபும் குழுவினரும் அப்படிச் செய்து, இயல்பான கால அளவோடு அலைவைப் பெற்றார்கள்.

அதன் பிறகு எண்ணிக்கை ஏறியது. உலக மாதிரிகளை ஒப்பிடும் சிமிப் திட்டத்தின் மூன்றாம் சுற்றில் ஈராண்டு அலைவைத் தானாக உருவாக்கிய மாதிரி ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் சுற்றில் ஐந்து. ஆறாம் சுற்றில் பதினைந்து. அறிக்கைகளில் இது முன்னேற்றமாகக் குறிக்கப்படுகிறது. முன்னேற்றம்தான். ஆனால் இந்த எண்ணிக்கையை நான் அரை மனதோடுதான் ஏற்பேன். சூத்திரத்தில் அலைகளின் வலிமை, வேகப் பரவல், எழும் உயரம் போன்றவை பெரும்பாலும் நேரடியாக அளக்கப்பட்டவை அல்ல. சுற்று 28 மாதத்துக்கு வரும்வரை அவற்றைக் கூட்டியும் குறைத்தும் பொருத்துகிறார்கள். வினாத்தாள் முன்பே தெரிந்த மாணவன் அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குவதால் பாடம் தெரியும் என்று ஆகிவிடாது. தெரியாத வினாவைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்பார்க் என்ற உலகக் கூட்டமைப்பின் கீழ் ஈராண்டு அலைவு மாதிரிகளை ஒரே சோதனையில் ஓடவிட்ட திட்டம் ஒன்று 2015 வாக்கில் தொடங்கியது. இன்றைய காலநிலையில் அந்த மாதிரிகளின் சுற்றுக் காலம் ஒன்றுக்கொன்று ஓரளவு ஒத்துப்போகிறது. கார்பன் டை ஆக்சைடை இரட்டிப்பாக்கி ஓடவிட்டால் சிலவற்றில் சுற்று நீள்கிறது, சிலவற்றில் குறுகுகிறது, சிலவற்றில் அலைவே சிதைகிறது. ஒத்துப்போகும் ஒரே விஷயம், கீழ் மீளடுக்கில் அலைவு வலுவிழக்கும் என்பது. 2013ல் கவாதானியும் ஹாமில்டனும் பலூன் பதிவுகளிலேயே அந்தத் தேய்மானத்துக்குச் சான்று காட்டினார்கள். ஆனால் கீழ் மீளடுக்கில்தான் மாதிரிகளின் அலைவு இன்றைக்கே உண்மையைவிடப் பலவீனமாக இருக்கிறது. ஏற்கெனவே மெலிந்த ஒன்று மேலும் மெலியும் என்று சொல்வதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்? கட்டங்களை ஒரு சில கிலோமீட்டராகச் சுருக்கிய புதிய மாதிரிகளிலும் கீழ் மீளடுக்கு வரை அலைவு ஒழுங்காக இறங்கிவருவதில்லை என்பதால், கணினியைப் பெரிதாக்கினால் போதும் என்ற வாதமும் எனக்கு எடுபடவில்லை.

கீழ் மீளடுக்குப் பலவீனம் சின்னக் குறையல்ல. ஈராண்டு அலைவு மற்ற இடங்களைத் தொடுவது அந்த உயரத்தின் வழியாகத்தான். வெப்ப மண்டல மழைமேகங்களைக் கிழக்கு நோக்கி நகர்த்தும் எம்.ஜே.ஓ. என்ற அலைவை நம் வானிலை ஆர்வலர்கள் நன்கு அறிவார்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அது இந்தியப் பெருங்கடலுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான மாதங்களில், மேலே கீழைக்காற்று வீசும் ஆண்டுகளில் எம்.ஜே.ஓ. வலுவாக இருப்பதை யூ, சன் ஆகிய இரு கொரிய அறிஞர்கள் 2016ல் காட்டினார்கள். பதிவுகளில் பளிச்சென்று தெரியும் இந்த உறவைக் காலநிலை மாதிரிகள் காட்டுவதில்லை. ஈராண்டு அலைவைத் தாமாக உருவாக்கும் மாதிரிகளும் காட்டுவதில்லை. ஒன்று, உறவு தற்செயலானது. அல்லது மாதிரியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. இன்றைய நிலையில் இரண்டாவதே சரியாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இனி துருவத்துக்குப் போகலாம். குளிர்காலத்தில் வெயில் படாத ஆர்க்டிக்கின் மேலே மீளடுக்குக் காற்று கடுமையாகக் குளிர்ந்து, அதைச் சுற்றி மேலைக்காற்று ஒரு பெருஞ்சுழலாக ஓடும். 1952 குளிர்காலத்தில் பெர்லினில் பலூன் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஷெர்ஹாக், அந்த உயரத்தில் சில நாட்களில் வெப்பநிலை பல பத்து டிகிரி எகிறியதைக் கண்டார். துருவச் சுழல் குலைந்து, சில வேளை இரண்டாகப் பிளந்து, காற்றே திசை திரும்பும் இந்தத் திடீர் வெப்பமேற்றத்துக்கு 1971ல் ஜப்பானின் மாட்சுனோ காரணம் சொன்னார். மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் எழுப்பும் பேரலைகள் மேலே ஏறி உடைந்து சுழலுக்குத் தடை போடுகின்றன. வட துருவத்தில் பெரிய நிகழ்வுகள் பத்தாண்டுக்கு ஆறு என்ற கணக்கில் நடக்கின்றன. தென் துருவத்தைச் சுற்றி மலையும் நிலமும் குறைவு என்பதால் அங்கே அலைகள் மெலிவு; பெரிய நிகழ்வு என்று பதிவானது 2002 செப்டம்பரில் ஒன்றே ஒன்று.

இது மேலேயே நடந்து மேலேயே முடிந்துவிட்டால் தரைவாசிகளுக்குக் கவலையில்லை. 2001ல் பால்ட்வினும் டங்கர்டனும், சுழல் குலைந்ததன் விளைவு வாரக்கணக்கில் கீழே இறங்கி, இரண்டு மாதம் வரைகூட வட அட்லாண்டிக் வட்டாரத்தின் வானிலையைச் சாய்க்கிறது என்று காட்டினார்கள். 2018 பிப்ரவரி நடுவில் சுழல் பிளந்தது. மாத இறுதியில் சைபீரியக் குளிர்காற்று ஐரோப்பாவை உறையவைத்தது. எல்லா நிகழ்வும் இப்படித் தரையைத் தொடுவதில்லை. எது தொடும், எது தொடாது என்பதை முன்கூட்டிப் பிரித்தறிவது இன்னும் கைகூடவில்லை.

மாதிரிகளில் இதன் நிலை கொஞ்சம் தேவலாம். பேரலைகள் பெரியவை, கட்டங்களில் அடங்கிவிடும். ஆனாலும் கூரை தாழ்ந்த மாதிரிகளில் சிக்கல் தெளிவாகத் தெரிந்தது: சிமிப் ஐந்தாம் சுற்றை ஆராய்ந்தபோது, உச்சி 50 கிலோமீட்டருக்குக் கீழே இருந்த மாதிரிகள் உண்மையில் நடப்பதில் பாதிக்கும் குறைவான வெப்பமேற்றங்களையே காட்டின. இன்னொரு பழைய நோய், துருவங்கள் வேண்டியதைவிடக் குளிராக இருப்பது. காரணம் மீண்டும் மிதப்பலைகள். மலைகளின் மேல் எழும் அலைகள் சுழலுக்கு இடும் தடையை மாதிரி குறைத்து மதிப்பிட்டால் சுழல் தேவைக்கு மேல் வலுக்கும், உள்ளே காற்று மேலும் குளிரும். தென் துருவத்தில் இது கூடுதலாகத் தெரிகிறது: பல மாதிரிகளில் அங்கே சுழல் வசந்தத்தில் கலைவது தாமதமாகிறது, ஓசோன் துளையும் அதனால் அதிக நாள் நீடிக்கிறது.

கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம் 1990களின் கதை. 1989 பிப்ரவரிக்குப் பிறகு 1998 டிசம்பர் வரை ஆர்க்டிக்கில் பெரிய வெப்பமேற்றம் எதுவும் நடக்கவில்லை. தொடர்ந்து ஒன்பது குளிர்காலங்கள் அமைதி. பசுங்குடில் வாயுக்கள் சுழலை வலுப்படுத்திவிட்டன, ஓசோன் இழப்பு குளிரைக் கூட்டிவிட்டது என்றெல்லாம் விளக்கங்கள் கிளம்பின. பிறகு 1998–99 தொடங்கி ஏறக்குறைய ஆண்டுதோறும் வெப்பமேற்றம் வந்தது. உடனே எதிர்த்திசையில் விளக்கங்கள். வெளித்தூண்டல் எதையும் மாற்றாமல் நூற்றாண்டுக் கணக்கில் மாதிரிகளை ஓடவிட்டால், இப்படிப்பட்ட அமைதிப் பத்தாண்டுகளும் கொந்தளிப்புப் பத்தாண்டுகளும் தாமாகவே வந்துபோகின்றன. பத்தாண்டுப் பதிவை வைத்துப் போக்கு பேசுவது இந்த உயரத்தில் ஆபத்தானது. நீல் புட்சார்ட் குழுவினர் 2000ல் வெளியிட்ட ஆய்வு இதை அப்போதே சொல்லியிருந்தது: 1992 முதல் 2051 வரையான அறுபது ஆண்டுகளைக் கணித்தும், வட துருவக் குளிர்காலத்தில் பசுங்குடில் வாயுக்களின் விளைவை இயல்பான ஆட்டத்திலிருந்து பிரித்தெடுக்க அவர்களால் முடியவில்லை. எதிர்காலத்தில் வெப்பமேற்றங்கள் கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு இன்றும் ஒருமித்த பதில் இல்லை. கார்பன் டை ஆக்சைடை நான்கு மடங்காக்கினால் தனித்தனி மாதிரிகள் பெரிய மாற்றத்தைக் காட்டுகின்றன. ஒன்று கூடும் என்கிறது, மற்றொன்று குறையும் என்கிறது.

தூண்டல் வெளியிலிருந்து வந்தாலும் இயல்பான ஆட்டம் கண்ணை மறைக்கும் என்பதற்கு பினாட்டுபோ எரிமலை நல்ல எடுத்துக்காட்டு. 1991 ஜூனில் அது 15 முதல் 20 மில்லியன் டன் கந்தக டை ஆக்சைடை மீளடுக்கில் ஏற்றியது. வெப்ப மண்டலக் கீழ் மீளடுக்கு இரண்டு மூன்று டிகிரி சூடானது; தரை சராசரியாக அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. இவ்வளவும் ஐயமற்றது. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் ஐரோப்பாவும் ஆசியாவின் வட பகுதியும் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தன. சூடான மீளடுக்கு துருவச் சுழலை வலுப்படுத்தி, அது கடல் காற்றைக் கண்டத்துக்குள் தள்ளியது என்று 1992லிருந்து விளக்கம் தந்தார்கள். பாடப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. மாதிரிகள் அதைச் சரியாகக் காட்டவில்லை என்பது மாதிரிகளின் குறையாகக் கருதப்பட்டது. 2019ல் போல்வானியும் உடனாய்வாளர்களும் ஒரே மாதிரியைத் தொடக்க நிலையில் மட்டும் மிகச் சிறிதாக மாற்றி மாற்றிப் பல முறை ஓடவிட்ட தொகுப்புகளைக் கொண்டு இதை மறுத்தார்கள். எரிமலையின் சராசரி விளைவு அந்தக் குளிர்காலத்தில் மிகச் சிறியது. சில ஓட்டங்களில் கண்டம் வெப்பமாகவும் சிலவற்றில் குளிராகவும் வந்தது. இயற்கை நமக்குத் தந்தது அவற்றில் ஒன்று, அவ்வளவே. மாதிரியும் உண்மையும் முரண்படும்போது குற்றம் எப்போதும் மாதிரியுடையதல்ல. சில வேளை ஒரே ஒரு முறை நடந்த உண்மையிலிருந்து விதி வகுத்த நம் அவசரத்தின் குற்றம்.

சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியிலும் இதே இடர். சூரியனின் மொத்த ஆற்றல் அந்தச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது; ஓசோனைத் தீண்டும் குறுகிய புற ஊதாக் கதிரோ பல சதவீதம் மாறுகிறது. மேல் மீளடுக்கில் அதனால் ஏறக்குறைய ஒரு டிகிரி வேறுபாடு வருவதை மாதிரிகள் சரியாகவே காட்டுகின்றன. சிக்கல் கீழே. எல் சிச்சோன் 1982ல் வெடித்தது, பினாட்டுபோ 1991ல். இரண்டும் சூரியச் சுழற்சியின் உச்சத்தை ஒட்டி, இரண்டுமே எல் நினோ வந்த காலம். ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு எரிமலைகள் இப்படி அமைந்துவிட்டதால், புள்ளிவிவரக் கணக்கில் சூரியனின் பங்கையும் எரிமலையின் பங்கையும் பிரிப்பது படாதபாடாகிவிட்டது. 1987ல் கரின் லாபிட்ஸ்கே, ஈராண்டு அலைவின் திசைப்படி ஆண்டுகளைப் பிரித்து வைத்தால் வட துருவக் குளிரோடு சூரியன் ஒட்டிவருவதைக் காட்டி வியக்கவைத்தார். அப்போது கையில் இருந்தது மூன்று சூரியச் சுழற்சிகூட முழுதாக அடங்காத பதிவு. விவாதம் இன்னும் ஓயவில்லை.

இத்தனை ஆட்டத்துக்கு நடுவில் மனிதனின் கைரேகை தெரிகிறதா என்றால், தெரிகிறது. தரையைவிடத் தெளிவாகவே தெரிகிறது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் கீழே சூடாகி மீளடுக்கு குளிரும் என்று மனாபேயும் வெதரால்டும் 1967ல் கணித்தார்கள். 1979 முதல் மீளடுக்கு, உயரத்தைப் பொறுத்து, ஒன்றிலிருந்து மூன்று டிகிரி வரை குளிர்ந்திருக்கிறது. ஓசோன் இழப்புக்கும் அதில் பங்குண்டு. 25 முதல் 50 கிலோமீட்டர் வரையான பகுதியைக் கணக்கில் சேர்த்தால் மனித விளைவு இயல்பான ஆட்டத்தை மீறித் தெரிவது ஐந்து மடங்கு கூடுவதாக சாண்டரும் குழுவினரும் 2023ல் காட்டினார்கள். அங்கே மனித விளைவின் வலிமை பெரிது, ஆட்டத்தின் அளவு சிறிது. துருவங்களையும் கீழ் மீளடுக்கையும் பற்றி இவ்வளவு நேரம் புலம்பியதற்கு இது ஒரு மாற்று மருந்து.

ஆனால் அளவீடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1979 முதல் 2006 வரை பறந்த ஒரு வரிசைச் செயற்கைக்கோள் கருவிகளின் அதே பதிவை அமெரிக்க, பிரிட்டன் குழுக்கள் தனித்தனியே திருத்தியபோது, நடு மீளடுக்குக் குளிர்ச்சி ஒன்றில் மற்றொன்றைப்போல ஏறக்குறைய இரு மடங்காக வந்தது. 2012ல் தாம்சனும் பிறரும் இதை வெளிப்படையாக எழுதிய பிறகு இரு தரப்பும் திரும்பக் கணக்கிட்டு நெருங்கி வந்தார்கள். மீளடுக்கின் மெதுவான சுற்றோட்டம் பற்றிய பிணக்கு இன்னும் பிடிவாதமானது. வெப்ப மண்டலத்தில் ஏறித் துருவத்தில் இறங்கும் அந்த ஓட்டம் பத்தாண்டுக்கு இரண்டு சதவீதம் வேகமாகும் என்று மாதிரிகள் ஏகமனதாகச் சொல்கின்றன. ஏங்கலும் குழுவினரும் முப்பது ஆண்டுகளாகப் பலூன்களில் திரட்டிய காற்றை ஆராய்ந்து 2009ல் அப்படி எந்த வேக அதிகரிப்பும் தெரியவில்லை என்றார்கள். பலூன்கள் சொற்பம், இயல்பான ஆட்டம் பெரிது. ஏகமனது என்பதாலேயே மாதிரிகள் சரி என்றும் சொல்ல மாட்டேன்.

50 கிலோமீட்டருக்கு மேலே போனால் மாதிரிகளின் சுருதி மேலும் கலைகிறது. நிலநடுக்கோட்டில் அங்கே காற்று ஆண்டுக்கு இருமுறை சுற்றி வரும் அரையாண்டு அலைவு இருக்கிறது. ஈராண்டு அலைவை நன்றாகக் காட்டும் மாதிரிகள் பலவற்றில்கூட இதன் மேலைக்காற்றுக் கட்டம் மெலிந்தே இருக்கிறது. இந்த உயரத்துக்கு பலூன் எட்டாது; ராக்கெட்டும் ரேடாரும் லிடாரும்தான் கதி. இங்கே நம் பகுதிக்கு உண்மையான பங்கு உண்டு. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவிலிருந்து 1970களில் வாரந்தோறும் சோவியத் எம்-100 ராக்கெட்டுகள் காற்றையும் வெப்பத்தையும் அளந்தன. திருப்பதி அருகே காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கிறது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ரேடார் 1992 முதல் 68 முதல் 98 கிலோமீட்டர் வரையான காற்றை அளந்து வந்திருக்கிறது. உலகிலேயே நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு நீண்ட காலத்துக்கு இடையடுக்குக் காற்றைப் பதிவுசெய்த நிலையங்கள் மிகச் சில. மாதிரி செய்பவர்கள் சிங்கப்பூர் பலூன் தொடரைப் பயன்படுத்தும் அளவுக்குத் திருநெல்வேலித் தொடரைப் பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம்.

மிதப்பலைகளை நேரில் அளக்கும் முயற்சிகள் இப்போதுதான் சூடுபிடிக்கின்றன. 2019லும் 2021லும் சீஷெல்ஸிலிருந்து விடப்பட்ட ஸ்ட்ராட்டியோல் பலூன்கள் மாதக்கணக்கில் கீழ் மீளடுக்கில் மிதந்து அலைகளின் உந்தத்தை அளந்தன. 2018 முதல் 2023 வரை இயங்கிய ஐரோப்பாவின் ஏயோலஸ் செயற்கைக்கோள் லேசர் கொண்டு காற்றை அளந்தது. மாதிரியின் சூத்திரங்களில் உள்ள எண்களை 28 மாதச் சுற்றுக்கு ஏற்பத் திருகுவதை விட்டு, இந்த அளவீடுகளுக்கு ஏற்ப முதலில் பூட்டிவிட்டு, அதன் பிறகு வரும் சுற்று எத்தனை மாதமானாலும் அப்படியே வெளியிடுவதுதான் நேர்மையான வழி. அலைவைக் காட்டும் மாதிரிகளின் எண்ணிக்கை பதினைந்திலிருந்து ஐந்தாகக் குறைந்தாலும் பரவாயில்லை.

அதற்கு அளவீடு தொடர்ந்து வர வேண்டும். 2004ல் ஏவப்பட்ட நாசாவின் ஆரா செயற்கைக்கோளில் உள்ள நுண்ணலைக் கருவி இருபது ஆண்டுகளாக நடு வளிமண்டலத்தின் வெப்பத்தையும் நீராவியையும் ஓசோனையும் இரவு பகலாக அளந்துவந்தது. 2022 ஜனவரியில் ஹுங்கா டோங்கா எரிமலை ஏறத்தாழ 150 மில்லியன் டன் நீராவியை மேலே ஏற்றியதை உலகம் அறிந்துகொண்டது பெரும்பாலும் அதன் மூலம்தான். அந்தக் கருவி தன் ஆயுளின் முடிவுக்கு வந்துவிட்டது. அதே வகையில், அதே அளவில் அளக்கக்கூடிய மாற்றுக் கருவி இன்று சுற்றுப்பாதையில் இல்லை.